பிளாக்குக்கு மாவுக்கட்டு

என் அக்கா ஞானசுந்தரியின் கல்யாணத்தில் ஒரு கோளாறு நடந்தது. மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் சாமியார் மாப்பிள்ளையைப் பார்த்து, இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ள முழு மனதோடு சம்மதிக்கிறாயா என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சாமியார் இருமினார். என் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு "டேய்" என்றது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் "சம்மதிக்கிறேன்" என்று ஒரு குரல் வந்தது, அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து.

அந்த மாப்பிள்ளைதான் இருதயராஜ். அறுபத்து மூன்றாம் வருஷத்திலிருந்து எனக்கு மாமா. அவருக்கு வேறு பெண் மேல் ஆசை இருந்திருக்கும் என்று உறவில் கொஞ்ச நாள் பேசினார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. இன்னொரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் தைரியம்கூட அந்த மனிதருக்குக் கிடையாது என்பது எங்களுக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

வேலூரில் பைபாஸ் ஓரம் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. எழுபத்திரண்டில் ஆரம்பித்தார். தேய்ந்துபோன எஞ்சின்களின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் வேலை. கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிவந்த போரிங் மெஷின் நடுவில் நிற்கும். அதைச் சுற்றி லாரி பிளாக், டிராக்டர் பிளாக், தோல் பதனிடும் ஷாப்புகளில் தண்ணீர் இறைக்கும் பம்ப்செட் பிளாக் என்று இரும்பாகக் கிடக்கும். பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. சிலிண்டர் ஓட்டைகள், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைகள் எல்லாம் அந்த ஒரே வார்ப்புக்குள்தான் இருக்கும். மாமாவின் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. வாயில்தான் குறை.

"அண்ணே, தாங்குமா?" என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள்.

"பாக்கலாம்" என்பார்.

அவ்வளவுதான். இருதயராஜ் வாயிலிருந்து "தாங்கும்" என்ற சொல்லைக் கேட்டவன் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒருத்தனும் இல்லை. கோபித்துக்கொண்டு பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்கள் உண்டு. அக்கா நர்ஸ். "எங்க வார்டுல மூச்சு இழுத்துக்கினு இருக்கறவங்ககிட்டகூட சரியாய்டும்னு சொல்றோம். இவரு நல்லா ஓடற எஞ்சினப் பாத்துக்கினு பாக்கலாம்ன்றாரு" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். நான் மின்வாரியத்தில் குமாஸ்தா. வாக்குக் கொடுத்துவிட்டுக் காப்பாற்றாமல் இருப்பதில் எங்கள் ஆபீசுக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தத் தெம்பில் ஒரு நாள் மாமாவிடம், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன்.

"சொல்லிட்டா தாங்கணும் சத்யா. தாங்கலன்னா எங்கியோ ரோட்ல ஒருத்தன் மாட்டிக்குவான். நான் இங்க பட்டறையில டீ குடிச்சிக்கினு இருப்பேன்" என்றார்.

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்தேன்.

எண்பத்து நாலில் ரஃபி அகமது வந்தார். ஆம்பூரில் சின்னதாக ஒரு தோல் ஷாப் வைத்திருந்தவர். முப்பது வயது இருக்கும். எதையும் பாதி கேட்டுவிட்டு மீதியைத் தானே முடித்துக்கொள்ளும் ரகம். தோல் கண்காட்சிக்காக ஜெர்மனி போயிருந்தவர், சாம்பிள் தோல்களுக்கு நடுவே சுருட்டி வைத்து ஒரு டர்போவைக் கொண்டுவந்துவிட்டார். சுங்கத்தில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சைலன்சருக்குப் போகிற புகையை வழிமறித்து, அதை வைத்தே ஒரு சின்ன சக்கரத்தைச் சுழலவிட்டு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பதுதான் டர்போ. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். ரெண்டும் கூடினால் உள்ளே வெடிப்பதும் கூடும்.

அந்த டர்போவை அம்பாசிடரின் நாலு சிலிண்டர் எஞ்சினில் பொருத்தி, பிப்ரவரியில் சோழாவரம் கார் ரேஸில் தானே ஓட்ட வேண்டும் என்பது ரஃபியின் ஆசை. வண்டி ரெடி, டர்போ ரெடி, பழைய அம்பாசிடர் பிளாக் ஒன்றும் டெம்போவில் வந்து இறங்கியது.

"ராஜண்ணே, சாதா எஞ்சினுக்கு டபுளா பிரஷர் வரும். பிளாக் தாங்கற மாதிரி நீங்க செஞ்சி குடுக்கணும்."

"பாக்கலாம்" என்றார் மாமா.

ரஃபி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். ஆனால் மாமாவுக்கு அந்த வேலை உள்ளுக்குள் பிடித்துவிட்டது என்பதை நாங்கள் கண்டுபிடித்தோம். சாப்பிடும்போது தட்டு ஓரத்தில் விரலால் வட்டம் வட்டமாக நாலு போட்டுக்கொண்டிருந்தார். புது பிளாக் வாங்கலாமே என்று கேட்டதற்கு, புது வார்ப்பு சூட்டில் கோணிக்கொள்ளும், இருபது வருஷம் சுட்டு ஆறிய இரும்புதான் இனிமேல் கோணாது என்றார். கிராங்க் தண்டு சுற்றும் இடத்தில் கீழே இருந்து தாங்கிப் பிடிக்கிற மூன்று மூடிகளையும் கழற்றிப் போட்டுவிட்டு, கெட்டி ஸ்டீலில் புதிதாகக் கடைந்து மாட்டினார். சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக உட்காரும் ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்டட் போல்ட்டுகளைப் பருமனாகச் செய்தார். ஆடி மாதம் முழுக்க லாரிக்காரர்கள் காத்திருந்தார்கள். கேட்டால் அவர்களுக்கும் பாக்கலாம்தான்.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம் இருந்தது. நம் பக்கத்துத் தண்ணீரின் லட்சணம் தெரிந்ததே. இருபது வருஷம் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்த பிளாக்கின் தண்ணீர் அறைகளில் வெள்ளையும் துருவுமாகக் கல் மாதிரி படிந்திருந்தது. அதை எடுக்காவிட்டால் எஞ்சின் சூடு இறங்காது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்து சுரண்டிக்கொள்ளலாம் என்று மாமா பட்டறையைப் பூட்டினார். சாவியை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ரஃபியிடம் கொடுத்தார். அந்த வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவும் பக்ரீத்தும் ஒரே வாரத்தில் வந்தன.

ரஃபிக்குச் சும்மா இருக்க முடியுமா. ராஜண்ணே திரும்பி வருவதற்குள் படிவை எடுத்து வைத்து அசத்திவிடலாம் என்று பிளாக்கை ஆம்பூருக்குக் கொண்டுபோய்விட்டார். தோல் ஷாப்பில் பிக்கிள் தண்ணீர் என்று ஒன்று உண்டு. உப்பும் ஆசிடும் கலந்தது. குரோம் ஏற்றுவதற்கு முன்னால் தோலை அதில்தான் ஊறவைப்பார்கள். கறை எடுக்க ஆசிடைத் தவிர வேறு என்ன வேண்டும் என்பது ரஃபியின் கணக்கு. இரும்பாயிற்றே என்று ஆசிடைக் கொஞ்சம் ஜாஸ்தி ஊற்றினார். சிலிண்டர் பக்கமும் கிராங்க் பக்கமும் ஒரு சொட்டுப் படக் கூடாது என்கிற புத்தி அவருக்கு இருந்தது. அதனால் தண்ணீர் அறைகளின் வாய்களைத் தோல் துண்டை வெட்டி இறுக அடைத்துவிட்டு, உள்ளே மட்டும் பிக்கிளை ஊற்றினார். ஒரு நாள் ஊறினால் போதும் என்று டெம்போ டிரைவர் வேலாயுதத்திடம் சொல்லி ஒரு மூலையில் நிறுத்திவைத்தார்.

மறுநாள் பக்ரீத். ஊர் ஊராக ஆட்டுத்தோல் வந்து குவியும் நேரம். உப்புப் போடாமல் அரை நாள் விட்டால் அழுகிப்போகும். முதலாளி, டிரைவர், கணக்குப்பிள்ளை என்று பார்க்காமல் எல்லோரும் உப்பு மூட்டையோடு நின்றார்கள். மூலையில் நின்ற பிளாக்கை ஒருவரும் நினைக்கவில்லை. நாங்கள் வேளாங்கண்ணியிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பி, மாமா பட்டறைக்குப் போய் வெறும் இடத்தைப் பார்த்து, ஆம்பூருக்குப் பஸ் ஏறிய அன்றைக்குத்தான் ரஃபி தலையில் கைவைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் மாமா வழக்கம்போல வாந்தி எடுத்தார். பத்து மைல் பஸ்ஸில் போனாலே அவருக்கு ஒத்துக்கொள்ளாது. முகத்தைக்கூடக் கழுவாமல் நேராகப் பிளாக்கிடம் போனார். பக்கவாட்டில் இருந்த ஒரு தோல் அடைப்பு முதல் நாளே இளகி, மேல் பாதித் தண்ணீர் ஒழுகிப்போயிருந்தது. கீழ் பாதி அப்படியே நின்றிருந்தது. அவர் அதைக் கவிழ்த்துவிட்டு, ஓட்டை வழியே ஒரு ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். கறுப்பாக ஒரு மாவு உதிர்ந்தது. பென்சில் எழுத்தை விரலால் தேய்த்த மாதிரி அது கையில் ஒட்டியது.

"துருதானே, ராஜண்ணே?" என்றார் ரஃபி.

"துரு இல்ல ரஃபி பாய். இரும்பு."

இரும்பை ஆசிட் தின்றுவிட்டு, சக்கையை மட்டும் விட்டுவைத்திருந்தது. சிலிண்டர் சுவர்கள் கீழ் பாதியில் எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மாமா கத்தவில்லை. ரஃபிதான் தன்னையே திட்டிக்கொண்டார். வேலாயுதம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். நான் மட்டும் நன்றாகக் கத்தினேன். யாராவது ஒருத்தர் கத்த வேண்டுமல்லவா.

வேறு பிளாக் தேடினோம். அரக்கோணத்தில் ஒன்று கிடைத்தது, விரிசல். ராணிப்பேட்டையில் ஒன்று, அதைக் கடைசி அளவு வரைக்கும் ஏற்கெனவே கடைந்து தீர்த்திருந்தார்கள். வேறு கிடைத்தாலும் ஸ்டீல் மூடி வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிப்ரவரிக்குள் முடியாது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். ரஃபி கேட்கவில்லை. "இதையே எதுனா செய்யுங்க ராஜண்ணே, தாங்கும்" என்றார். தாங்கும் என்பது ரஃபிக்கு மூச்சு விடுவது மாதிரி.

அதற்கு அடுத்த வாரம் பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் முனவ்வர் பேகம், ரஃபியின் மனைவி. கூட யாரும் இல்லை. அன்றைக்கு நானும் அக்காவும் பட்டறையில் இருந்தோம். அக்கா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அந்த அம்மா உட்காரவில்லை.

"அண்ணா, அந்த பிளாக்கு உடைஞ்சா இன்னா ஆவும்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் போரிங் மெஷினைப் பார்த்தேன்.

"மறைக்காதீங்க. வேலாயுதம் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"ஸ்பீடுல கிழிஞ்சா எண்ணெய் வெளிய வரும்மா" என்றார் மாமா. "டர்போ செவசெவன்னு பழுத்துக்கினு இருக்கும். எண்ணெய் அதுமேல கொட்டும்."

"தீ."

"ஆமா."

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவர்கிட்ட கேட்டா தாங்கும்ன்றாரு. அவருக்கு எல்லாமே தாங்கும். நான் வேணான்னு சொன்னா பொம்பளைக்கு இன்னா தெரியும்பாரு. நீங்க தாங்காதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வண்டியில உக்கார மாட்டாரு, உங்க பேச்சக் கேப்பாரு. தாங்கும்னு சொன்னீங்கன்னா நான் துவா பண்ணிக்கினு சும்மா இருந்துட்றேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்கண்ணா."

கல்யாணத்தன்று கோயிலில் இருந்த அதே அமைதி. அக்கா என் கையைக் கிள்ளினாள். மாமா துணியால் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப எனக்குத் தெரியாதும்மா" என்றார் கடைசியில். "செஞ்சி முடிச்சிட்டு சொல்றேன். ரெண்டுல ஒண்ணுதான் சொல்வேன். அதுக்கு முன்னாடி அவரு ரேஸுக்குப் போவ மாட்டாரு, அது என் பொறுப்பு."

தாங்காது என்று அங்கேயே சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதுதான் சுலபம். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்வது அந்த மனிதருக்கு இரண்டு பக்கமும் வராது. அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் நிம்மதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட மாமா பட்டறைக்குப் போய் அந்தப் பிளாக்கின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சிறிய சுத்தியால் தட்டிக் கேட்பார். மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு, எங்காவது கோடாக ஈரம் வருகிறதா என்று பார்ப்பார். விரிசல் எங்கும் இல்லை. மெலிந்ததுதான் பிரச்சினை. வெடிப்பின் பலம் முழுக்க சிலிண்டரின் மேல் பாதியில்தான் இறங்கும், அங்கே ஆசிட் நிற்கவில்லை. கீழ் பாதிக்குப் பலம் கொடுத்துவிட்டால் போதும். நாலு சிலிண்டரிலும் லைனர் என்கிற புது இரும்புக் குழாயை இறக்கலாம். ஆனால் லைனருக்குப் பின்னால் நிற்கும் மெலிந்த சுவரை எது பிடித்துக்கொள்ளும்? இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் எங்களிடம் கேட்பார். எங்களுக்கு என்ன தெரியும்.

அக்கா டியூட்டி முடிந்து வந்த களைப்பில் ஒரு நாள் எரிந்து விழுந்தாள். "எலும்பு முறிஞ்சா நாங்க இன்னா பண்றோம்? மாவுக்கட்டு போட்டு அசையாம படுக்க வெக்கறோம். உங்க பிளாக்குக்கும் ஒரு மாவுக்கட்டு போட்டுட்டு வந்து சோத்தத் தின்னுங்க."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"போடலாம்" என்றார். "அத நெனச்சேன். போட்டா கீழ தண்ணி போவாது, சூடு ஏறும். அதான் விட்டுட்டேன்."

"எவ்ளோ நேரம் ஓடணும் உங்க ரேஸு?"

அது கொஞ்ச நேரம்தான். ஊருக்கு ஓட்டுகிற வண்டியா அது. மாமா பாதிச் சோற்றோடு கை கழுவப் போனார். அக்கா என்னைப் பார்த்து, நான் இன்னா தப்பா சொல்லிட்டேன் என்றாள்.

தண்ணீர் அறைகளின் கீழ் பாதியில் உளுத்த கறுப்பை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, சிமென்டில் இரும்புத் தூள் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தட்டித் தட்டி இறக்கினார். ஹெட்டை முடுக்கினால் பிளாக் எந்த அளவுக்கு இறுகுமோ அந்த அளவுக்கு, கெட்டியான இரும்புத் தகடு ஒன்றை மேலே வைத்து முடுக்கிவிட்டுத்தான் ஊற்றினார். அது ஆறும் வரைக்கும், புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, காலையும் மாலையும் ஈரச் சாக்குப் போட்டார். அக்கா பட்டறைக்குப் போகும்போதெல்லாம் பேஷன்ட் எப்படி இருக்கான் என்று கேட்டாள். இறுகிய பிறகு, அதே தகட்டை மாட்டிய நிலையிலேயே லைனர் இறக்கிக் கடைந்தார். ஒவ்வொரு சிலிண்டர் வாயைச் சுற்றியும் மெல்லிய பள்ளம் வெட்டி, செம்புக் கம்பியைப் பதித்து, ஹெட்டின் ஓரமாக ஒரு பொட்டு காற்றுகூட வெளியே வராதபடி அடைத்தார். கீழே தண்ணீர் போகாத சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று, எண்ணெய்க்குத் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர் வைத்தார். எஞ்சின் ஓடியது. மெதுவாக ஓட்டிப் பழக்கினார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் டர்போ முழுசாக ஊதும்போது தாங்குமா என்பது முழுசாக ஊதினால்தான் தெரியும்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் காவேரிப்பாக்கத்துக்குப் போனோம். அங்கிருந்து ஓச்சேரிப் பக்கம் சாலை நேராகக் கிடக்கும், அந்த நேரத்தில் லாரியும் கம்மி. ரஃபி அந்த ரேஸ் காரிலேயே வந்தார். முனவ்வர் பேகம், அக்கா, மாமா, நான் நால்வரும் வேலாயுதத்தின் டெம்போவில் வந்தோம். ஏரிக்கரையை ஒட்டி ஒரு டீக்கடை. ரஃபி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தார். அப்போது மாமா இன்னொரு பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீங்க எங்க ராஜண்ணே?"

"உன்கூடதான்."

"உங்களுக்கு பஸ்ஸே ஆகாதே."

"அதான் காலையில ஒண்ணும் சாப்புடல."

அக்கா முன்னால் வந்து காரின் மேல் கையை வைத்தாள். இந்த வேலை வேண்டாம், வெளியில் நின்று பார்த்தாலும் தெரியும் என்றாள். அவர் அவளைப் பார்த்துச் சொன்னது இதுதான். "அந்தம்மாவுக்கு ஒரு வார்த்த சொல்லணும் ஞானம். வெளிய நின்னுக்கினு சொல்ல முடியாது." பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு ஹெல்மெட்தான் இருந்தது. முனவ்வர் பேகம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

கார் கிளம்பியது. முதலில் சாதாரணச் சத்தம். கொஞ்ச தூரம் போனதும் விசில் மாதிரி ஒன்று மேலே மேலே ஏறியது, அதற்குப் பின்னால் உறுமல். புளியமரங்களுக்கு நடுவில் கார் சின்னதாகி மறைந்தது. ஓச்சேரி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியதுதான். அந்த வேகத்துக்கு டீ ஆறுவதற்குள் வந்திருக்க வேண்டும். டீ ஆறிப்போனது. இன்னொரு டீ சொன்னேன், அதுவும் ஆறியது. அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். முனவ்வர் பேகத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எனக்கு ஜெபம் ஓடவில்லை. ரஃபியையும் அவருடைய ஜெர்மனியையும் மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கமிருந்து ஒரு லாரி வந்து டீக்கடையில் நின்றது. வேலாயுதம் ஓடிப்போய்க் கேட்டான்.

"ஒரு கார் நிக்குதுபா, ரோட்ட வுட்டு கீழ எறங்கி" என்றான் லாரி டிரைவர். "பானட்டு தூக்கிக்கினு இருக்குது. ஒருத்தர் கீழ படுத்துக்கினு இருந்தாரு."

"புகை?"

"கவனிக்கல."

டெம்போவில் எப்படி ஏறினோம் என்று எனக்கு நினைவில்லை. வேலாயுதம் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்துக்கு அவனையே சோழாவரத்துக்கு அனுப்பியிருக்கலாம். அக்கா, தீக்காயத்துக்கு முதலில் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

கார் ஒரு வேலமரத்தின் கீழே நின்றது. முழுசாக நின்றது. கறுப்பு இல்லை, புகை இல்லை. ரஃபி மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மாமா மரத்தடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாந்தி எடுத்து முடித்த முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா ஆச்சு?" என்றாள் அக்கா.

"பெட்ரோல் தீந்துடுச்சு" என்றார் மாமா.

டர்போ அப்படிக் குடிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ரஃபி போட்டிருப்பார் என்று வேலாயுதமும், வேலாயுதம் போட்டிருப்பான் என்று ரஃபியும் இருந்துவிட்டார்கள். அந்தப் பிளாக்கைத் தட்டித் தட்டிப் பார்த்த மனிதரும் டாங்க்கைத் தட்டிப் பார்க்கவில்லை. அக்கா அவரைத் திட்டத் தொடங்கினாள். திட்டிக்கொண்டே அவருடைய சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் மைல்கல்லில் ரஃபி பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மனதில் இருந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

முனவ்வர் பேகம் தன் புருஷனிடம் போகவில்லை. மாமாவிடம் வந்து நின்றார்.

மாமா எழுந்து பானட்டுக்குள் குனிந்தார். எண்ணெய்க் குச்சியை இழுத்து விரலில் தடவிப் பார்த்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் வெள்ளையாக இருக்கும். அது தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அதை அந்த அம்மாவிடமும் காட்டினார். பிளாக்கின் பக்கத்தில், சிமென்ட் ஊற்றிய இடத்தில், துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்தினார்.

"டர்போ பிரஷர் முள்ளு முழுசா பதினஞ்சுல நின்னுச்சு. போவும்போது ரெண்டு தரம், திரும்பும்போது ஒரு தரம். நான் பாத்துக்கினே இருந்தேன்" என்றார். "தாங்கும்மா."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன். முனவ்வர் பேகம் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணா" என்றார். அதற்கப்புறம்தான் திரும்பி ரஃபியைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். ரஃபியின் சிரிப்பு நின்றுவிட்டது.

சோழாவரத்தில் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: மூன்றாவது. அதுவும் முன்னால் போன ஒருவரின் டயர் வெடித்ததால். ரஃபிக்கு அது போதவில்லை. முனவ்வர் பேகத்துக்கு அவர் நடந்து வீட்டுக்கு வந்ததே போதும். பிறகு எஞ்சினைப் பிரித்தபோது நாலு சிலிண்டரும் கடைந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன. மாமா அடுத்த நாளே லாரிப் பிளாக்குகளுக்குத் திரும்பிப் போனார். தாங்குமா என்று கேட்டவர்களிடம் பாக்கலாம் என்றார். திருந்திவிடுவார் என்று நான் நினைத்தது என் தப்பு.

எண்பத்தெட்டில் அவர்களுடைய கல்யாண வெள்ளிவிழா. அதே கோயில், வேறு சாமியார். வெள்ளிவிழாப் பூசையில் புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி சம்மதம் சொல்ல வேண்டும். ரஃபியும் முனவ்வர் பேகமும் ஆம்பூரிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய கதையை நான் அவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். இந்தத் தடவை எத்தனை நேரம் ஆகும் என்று எனக்கும் ரஃபிக்கும் பந்தயம்கூட.

சாமியார் புத்தகத்தைத் திறந்தார். "இருதயராஜ், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பீடத்தின் முன்..." என்று ஆரம்பித்தார்.

"சம்மதிக்கிறேன்" என்றார் மாமா.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி இன்னும் பாதியில்தான் இருந்தது. கோயில் முழுக்கச் சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டார். முனவ்வர் பேகம் முன்னால் குனிந்து, "அக்கா, அண்ணன் இன்னிக்கு பாக்கலாம்னு சொல்லவே இல்ல" என்றார்.

அக்கா திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே, எங்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இருபத்தஞ்சு வருஷம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுதானே சொல்றாரு."